ஜாடிக்குள்ளே குண்டு நெல்லிக்காய்

ஹரிணியை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவள் பாத்திரக்கடை திருமுருகன் மகள்.

படிப்பது ஆறாம் வகுப்புதான். ஆனாலும் அரிமளம் கடைவீதியில் யார் எந்தச் சரக்கை எப்படி விற்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. தர்பூசணிக் கடைக்கு மேலே ஏன் சிவப்புத் தார்ப்பாய் கட்டுகிறார்கள்? அந்த வெளிச்சத்தில் வெளுத்த பழமும் சிவந்து தெரியும். கொய்யாக் கூடையில் மேலே இருக்கும் காய் ஏன் பெரிதாக இருக்கிறது? அடியில் இருப்பது சிறிதாக இருப்பதால். ஜவுளிக்கடையில் சேலையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஏன் வாசலுக்கு வருகிறார்கள்? கடை விளக்கில் பார்த்த நிறம் வெயிலில் வேறாக இருக்கும்.

இத்தனையும் தெரிந்த பிள்ளை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்கு.

அந்தப் பெருமைதான் வெள்ளிக்கிழமை இன்டர்வெல்லில் வம்பை விலைக்கு வாங்கியது.

பள்ளிக்கூட வாசலில் முனியாயி அக்கா உப்பு நெல்லிக்காய் விற்பார். பன்னிரண்டு வருஷமாக அதே புங்கமரம், அதே முக்காலி. உப்புத் தண்ணீரில் பச்சைமிளகாயைக் கீறிப் போட்டு ஊறவைத்த நெல்லிக்காய். கடித்தால் முதலில் புளிக்கும், அப்புறம் உறைக்கும், அதன் பிறகு பச்சைத்தண்ணீர் குடித்தால் இனிக்கும். ஒரு காய்க்கு மூன்று ருசி. எந்தக் கடையில் கிடைக்கும் இந்தச் சலுகை?

முன்பெல்லாம் காய்கள் பிளாஸ்டிக் வாளியில்தான் கிடந்தன. தலைமையாசிரியை அமராவதி டீச்சர் ஒருநாள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "தெறந்து வைக்காதீங்க முனியாயி. ஈ மொய்க்குது, தூசி விழுது. மூடி போட்ட கண்ணாடி ஜாடியில வைங்க" என்றார்.

டீச்சர் சொன்னால் மறுபேச்சு உண்டா? இந்தத் திங்கட்கிழமை புது ஜாடி வந்துவிட்டது. பானை போல உருண்ட வயிறு, மேலே திருகு மூடி. அதற்குள்ளே நெல்லிக்காய்கள் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குண்டு குண்டாகத் தெரிந்தன.

அந்த வாசலில் ஒரு சட்டம் உண்டு. வாங்குகிறவர் விரலால் காட்டுவார். காட்டிய காயைத்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். வாளி காலத்திலிருந்தே இதுதான் முறை.

ஹரிணி ஜாடிக்கு முன்னால் குனிந்து, நகைக்கடையில் நிற்பவள் போல ஒவ்வொரு காயாகப் பார்த்தாள்.

"அது இல்லக்கா. அதுக்குப் பின்னாடி. இன்னும் பின்னாடி. ஆங், அந்தக் குண்டு!"

முனியாயி அக்கா நீளக் கரண்டியை விட்டு அந்தக் காயை அள்ளினார். மேலே வந்தது. ஹரிணியின் உள்ளங்கையில் விழுந்தது.

ஹரிணி கையைப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"நீ காட்டுனதுதான் பாப்பா."

"நான் காட்டுனது குண்டு. இது சுண்டைக்காய்க்குத் தம்பி மாதிரி இருக்கு."

பின்னால் நின்ற வசந்த் உடனே தலையை நீட்டினான். "நேத்து எனக்கும் இதேதான். நான் யானையைக் காட்டுனேன், பூனை வந்துச்சு!"

ஹரிணிக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தாள். பெரியதைக் காட்டிச் சிறியதைத் தள்ளிவிடுவது எத்தனை பழைய வித்தை! கடைவீதிப் பிள்ளையிடமேவா?

"கரண்டி மேல வர்றப்ப மாத்திட்டீங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க! அக்கா கைமாத்துறாங்க! பெருசைக் காட்டிட்டுச் சிறுசைக் குடுக்குறாங்க!"

கடைவீதியில் வளர்ந்த குரல். சாலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடியாத்தி!" முனியாயி அக்கா பதறிப்போனார். "என் கையில என்னத்தா மந்திரமா இருக்கு? நீ காட்டுனதுதான் அது. சத்தியமா அதேதான்."

"அப்ப ஏன் சிறுசா இருக்கு?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. அது ஹரிணிக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. பதில் இல்லை என்றால் குற்றம் உண்டு, அவ்வளவுதானே?

சத்தம் கேட்டு அமராவதி டீச்சர் வந்தார். ஹரிணியின் கையில் இருந்த காயைப் பார்த்தார். ஜாடிக்குள் இருந்த காய்களைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"என்ன முனியாயி இது? சின்னப் பிள்ளைங்ககிட்டப் போயி இப்படிச் செய்யலாமா?"

"டீச்சர், நான் ஒண்ணுமே செய்யல..."

"நானும் கண்ணாலதானே பாக்குறேன். திங்கக்கிழமையிலேருந்து இங்க கடை போட வேணாம். பிள்ளைங்களை ஏமாத்துற எடமா இருக்கக் கூடாது என் பள்ளிக்கூட வாசல்."

முனியாயி அக்கா எழுந்தார். முக்காலியைக் கக்கத்தில் இடுக்கினார். ஜாடியைக் கைக்குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தார்.

வகுப்பில் வசந்த் மேசையைத் தட்டி, "நம்ம ஹரிணி இன்ஸ்பெக்டரு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஹரிணியும் சிரித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. கடையில் அப்பாவுக்குத் துணை.

திருமுருகனிடம் ஒரு பழக்கம். கண்ணாடி ஜாடி வந்து இறங்கினால் நேரே அலமாரியில் ஏற்றமாட்டார். ஒவ்வொன்றிலும் தண்ணீரை நிரப்பிப் பழைய நியூஸ் பேப்பர் மேல் வைப்பார். அரைமணி நேரம் கழித்துப் பேப்பர் நனையாமல் இருந்தால் ஜாடி பாஸ். நனைந்திருந்தால் கம்பெனிக்காரருக்கு போன் பறக்கும்.

தண்ணீர் நிரப்புவது ஹரிணியின் வேலை. ஒரு ஜாடியின் உள்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கையை உள்ளே விட்டுச் சுரண்டினாள். சுரண்டிக்கொண்டே வெளியிலிருந்து பார்த்தவள் அலறிவிட்டாள்.

"அப்பா! என் வெரலு வீங்கிருச்சு!"

அப்பா ஒரு அம்மாவிடம் இட்லிச் சட்டி விலை பேசிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. "வெளிய எடுத்துப் பாரு ஆத்தா."

எடுத்தாள். அவளுடைய பழைய வெண்டைக்காய் விரல்கள்தான். "வெளிய வந்தா எளைச்சிருதுப்பா!"

"அப்பறமென்ன, காசில்லாத வைத்தியம்" என்றார் அப்பா. இட்லிச் சட்டி அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் பேரம் படிந்துவிட்டது.

ஹரிணி மட்டும் சிரிக்கவில்லை. விரலை மறுபடி உள்ளே விட்டாள். மொந்தன் வாழைக்காய். வெளியே எடுத்தாள். வெண்டைக்காய். உள்ளே. வெளியே. உள்ளே.

விரலை ஜாடிக்குள்ளேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, முனியாயி அக்கா ஜாடி எங்க வாங்குனாங்க?"

"நம்ம கடையிலதான். இதே மாடல். 'இதுல போட்டா சரக்கு எடுப்பாத் தெரியும் தங்கச்சி'ன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"பெருசாத் தெரியும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்ன? குலோப்ஜாமூன் போடுறவங்க, ஊறுகா போடுறவங்க எல்லாரும் இந்த வயித்து ஜாடியத்தான கேட்டு வாங்குறாங்க."

"ஏன் பெருசாத் தெரியுது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? ஜாடி விக்கிறதுதான் என் வேலை. ஏன், எதுக்குன்னு கேக்குறது கஸ்டமர் வேலை."

கல்லாவுக்குப் பக்கத்தில், எல்லாக் கடையிலும் இருப்பது போலக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழம் மிதந்தது. திருஷ்டிக்கு வைத்தது. ஹரிணி பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற பழம். இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தாள். தண்ணீருக்கு மேலே இருந்த பாதி ஒல்லி. கீழே இருந்த பாதி தொப்பை. இரண்டும் ஒரே பழத்தின் பாதிகள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

சட்டென்று கையை விட்டுப் பழத்தை வெளியே எடுத்தாள்.

"ஏய், ஏய்! திருஷ்டிப் பழத்துல கைய வைக்காத!" அப்பா பாய்ந்து வந்தார்.

"இது இவ்வளவுதானாப்பா?"

அப்பாவும் பழத்தைப் பார்த்தார். "அட, ஆமா. குட்டிப் பழம். குட்டியத் தள்ளிவிட்டுட்டான். கெட்டிக்காரப் பயல், கறிகாய்க் கடைக்காரன்" என்றார்.

அன்று கடையில் ஒரு பாத்திரமும் ஹரிணியிடமிருந்து தப்பவில்லை. ஜாடியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு விரலை விட்டாள். விரல் விரலாகவே இருந்தது. ஆக, ஜாடி மட்டும் குற்றவாளி இல்லை. சதுரமான பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி நேர்ப்பக்கமாகப் பார்த்தாள். விரல் கொஞ்சம் கிட்டே வந்தது போல இருந்தது, ஆனால் வாழைக்காய் ஆகவில்லை. ஆக, தண்ணீர் மட்டும் குற்றவாளி இல்லை. உருண்டை வயிறும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கிறது.

ஜாடியில் பாதி மட்டும் தண்ணீர் ஊற்றி விரலை விட்டபோது விரல் மேலே ஒல்லி, கீழே குண்டு. நடுவில் யாரோ ஒடித்து ஒட்டவைத்தது போல இருந்தது.

முனியாயி அக்கா கைமாற்றவில்லை. யாருமே கைமாற்றவில்லை. ஹரிணி ஊரெல்லாம் கேட்கக் கத்தியது ஒரு ஜாடியின் குறும்பை.

அன்று மதியம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பக்கத்து வீட்டு இசைவாணி எட்டாம் வகுப்பு. ஹரிணி அவளிடம் ஓடினாள். இசைவாணி அறிவியல் புத்தகத்தைப் புரட்டி, ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "ஒளி ஒரு ஊடகத்திலிருந்து வேறொரு ஊடகத்துக்குச் சாய்வாகச் செல்லும்போது தன் பாதையிலிருந்து விலகும். இதுக்குப் பேரு ஒளிவிலகல்."

"ஒனக்குப் புரியுதாக்கா?"

"அஞ்சுக்கு அஞ்சு மார்க் வாங்கிருக்கேன்."

"புரியுதான்னு கேட்டேன்."

இசைவாணி கொஞ்சம் யோசித்தாள். "ஊடகம்னா தண்ணி, காத்து, கண்ணாடி இந்த மாதிரி. வெளிச்சம் காத்துல வேகமாப் போகும், தண்ணியில மெதுவாப் போகும். அது வரைக்கும் தெரியும். அதுக்கு ஏன் வெலகணும்னு நான் கேக்கல. பரீட்சையிலயும் கேக்கல."

ஹரிணி தெருவைப் பார்த்தாள். சாலை ஓரத்தில் வீடு கட்ட மணல் கொட்டியிருந்தார்கள். அவள் சைக்கிள் அதில் எத்தனை தடவை மாட்டியிருக்கிறது!

"அக்கா, தார் ரோட்டுலேருந்து மணல்ல நேரா எறங்குனா சைக்கிள் மெதுவாகும். ஆனா நேராத்தான் போகும். சாய்ச்சு எறங்குனா?"

"ஹேண்டில் வெட்டித் திரும்பிரும். போன வாரம் நீ விழுந்தியே."

"நான் விழுந்தது இப்ப முக்கியமா?" என்றாள் ஹரிணி. "வெளிச்சமும் அப்படித்தான் போல. தண்ணியிலேருந்து வெளிய வர்றப்ப நேரா வந்தா பொழைச்சுது. சாய்ஞ்சு வந்தா திரும்பிரும். ஜாடிக்கு வயிறு உருண்டை. நடுவுல மட்டும்தான் நேர் வழி, ஓரமெல்லாம் சாய்வு."

இருவரும் தரையில் உட்கார்ந்து குச்சியால் கோடு போட்டார்கள். ஒரு வட்டம் ஜாடி. உள்ளே ஒரு சின்ன வட்டம் நெல்லிக்காய். காயின் இரண்டு ஓரத்திலிருந்தும் கோடு கிளம்பியது. ஜாடியின் வயிற்றைத் தாண்டியதும் வளைந்து கண்ணுக்கு வந்தது. கண்ணுக்கு வளைந்த கதை தெரியாது. கோடு நேராகத்தான் வந்தது என்று நம்பி, அதை அப்படியே பின்னால் நீட்டிப் பார்க்கிறது. நீட்டினால் காயின் ஓரம் எங்கேயோ தள்ளிப் போய் நிற்கிறது.

"அதனால காய் குண்டு!" என்றாள் இசைவாணி. அஞ்சு மார்க் வாங்கிய அன்றுகூட அவள் முகத்தில் இவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சைக்கிளை முனியாயி அக்கா வீட்டுக்கு மிதித்தார்கள். ஹரிணியின் காலுக்கு அந்தச் சைக்கிள் அன்று ஏனோ கனத்தது.

வாசலில் உட்கார்ந்து முனியாயி அக்கா நெல்லிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த ஜாடி.

"வாங்க போலீசு" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "பஸ் ஸ்டாப்புல போயி உக்காரப் போறேன். அங்கிட்டு யாரு வாங்குவாங்கன்னு தெரியல. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வாயிக்குத்தான் இது தோது."

ஹரிணி சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். "அக்கா, நீங்க கைமாத்தல."

"அது எனக்குத் தெரியும்."

"இந்த ஜாடி..."

"ஜாடியப் பத்திப் பேசாத. அது வந்ததுலேருந்து எனக்குக் கண்ணே அவிஞ்சு போச்சு." முனியாயி அக்காவின் குரல் இறங்கியது. "உள்ள பாத்தா பெருசாத் தெரியுது, கரண்டியில வந்தா சிறுசாயிருது. எனக்கே அப்படித்தான் தெரியுது பாப்பா. டீச்சர் கேக்குறப்ப நான் என்னத்தச் சொல்ல? புதுக்கோட்டைக்குப் போயிக் கண்ணு டாக்டரப் பாக்கணும். ஆபரேசன்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருக்கு."

ஹரிணி ஜாடியை நிமிர்த்தினாள். தண்ணீரை ஊற்றினாள். "வெரலை உள்ள விடுங்கக்கா. வெளியிலேருந்து பாருங்க."

முனியாயி அக்கா சந்தேகமாக விரலை விட்டார். பார்த்தார். வெளியே எடுத்துப் பார்த்தார். மறுபடி விட்டார். ஹரிணி தரையில் கோடு போட்டுச் சொல்லச் சொல்ல, அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது.

"அப்ப என் கண்ணு நல்லாருக்கா?"

"எங்க கண்ணு மாதிரியே இருக்குக்கா. எங்களையும் ஏமாத்துச்சுல்ல?"

"ஆத்தாடி!" முனியாயி அக்கா நெஞ்சில் கைவைத்துப் பெரிய மூச்சு விட்டார். பிறகு ஜாடியின் வயிற்றில் ஒரு தட்டு தட்டினார். "வாயில்லாப் பயலே, என்ன பாடு படுத்திட்ட!"

ஹரிணி தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுக்கங்கக்கா. நான் விசாரிக்காமக் கத்திட்டேன்."

முனியாயி அக்கா ஒரு சொத்தைக் காயைத் தூர எறிந்தார். "என்கிட்ட மெதுவாச் சொல்லி என்ன தாயி பண்ண? நீ கத்துனது பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்டுச்சே."

"திங்கக்கிழமை அதே மாதிரி கத்திச் சொல்றேன். நீங்க ஜாடியோட வாங்க."

"டீச்சர் வேணாம்னுட்டாங்கல்ல?"

"வாசல்லதானே வேணாம்னாங்க? ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்து எடம் இல்லியே."

முனியாயி அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முதல் முறையாக உதட்டோரம் சிரிப்பு வந்தது. "யாவாரி மகதான் நீ!"

திங்கட்கிழமை. மணி அடிக்க இருபது நிமிஷம். சாலைக்கு அந்தப் பக்கம் முக்காலியில் நெல்லிக்காய் ஜாடி. பக்கத்தில் ஸ்டூல் மேல் வெறும் தண்ணீர் நிரப்பிய இன்னொரு ஜாடி. அது கடையிலிருந்து வந்தது. "ஒடைச்சே, ஒனக்குத் தீவாளிக்கு அந்தக் கண்ணாடித் துண்டுதான்" என்று சொல்லித்தான் அப்பா கொடுத்திருந்தார்.

பிள்ளைகள் கூடினார்கள். வசந்த் முன்னால் வந்து நின்றான். "என்ன, மறுபடியும் கைமாத்தா?"

ஹரிணி பக்கத்தில் இருந்த சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில் ஏறினாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். குற்றம் சொல்லும்போது இந்த ஒத்திகை தேவைப்படவே இல்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க!" கடைவீதிக் குரல் வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்பு! அக்கா கைமாத்தல! இந்த ஜாடிதான் சிறுசைப் பெருசாக் காட்டுது! நான்தான் விசாரிக்காமப் பழி போட்டேன்!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாலையைக் கடந்து அமராவதி டீச்சரும் வந்தார். "என்ன ஹரிணி இது? முனியாயி, நான்தான் சொன்னேனே..."

"டீச்சர், ரெண்டே நிமிஷம்" என்றாள் ஹரிணி.

தட்டில் ஒரு நெல்லிக்காயை வைத்தாள். அதன் இடுப்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. மாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்லக் கூடாதே. எல்லோரும் பார்த்தார்கள். சின்னக் காய்தான். கரண்டியில் எடுத்து, நெல்லிக்காய் ஜாடிக்குள் பின்பக்கமாக இறக்கினாள். காய் எலுமிச்சம்பழமாக ஊதியது. சிவப்பு நூல் கயிறாகத் தடித்தது. கரண்டியால் அதையே முன்பக்கத்துக்கு நகர்த்தினாள். காய் இளைத்துப் பழையபடி ஆனது. பின்னால் தள்ளினாள். ஊதியது.

"நம்ம எல்லாரும் பின்னாடி இருக்குறதத்தான் கை காட்டுனோம். ஏன்னா அதுதான் ரொம்பப் பெருசாத் தெரியும்" என்றாள் ஹரிணி.

"நூல் கட்டுன காய் ரெண்டு உள்ள இருக்கும்" என்றான் வசந்த். அவனும் சாமானியன் இல்லை.

"சரி. இந்தத் தண்ணி ஜாடிக்குள்ள ஒன் வெரலை விடு."

விட்டான். கண்கள் விரிந்தன.

"ஒன் வெரலை யாருடா கைமாத்துனது?"

சிரிப்பு சாலையைத் தாண்டிக் கேட்டது. வசந்த் வெட்கப்படுவான் என்று பார்த்தால், கையை இன்னும் உள்ளே விட்டு முஷ்டியை முறுக்கி, "ஏய், பாருங்கடா, பயில்வான்!" என்றான். அவனை இழுத்து வெளியே விடுவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

அடுத்து அமராவதி டீச்சர் வந்தார். மோதிர விரலை விட்டார். மோதிரம் வளையலாகத் தெரிந்தது. டீச்சர் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஒளிவிலகல்" என்றார் மெதுவாக. "பதினாலு வருஷமா போர்டுல படம் போட்டு நடத்துறேன். ஜாடியில வந்து நின்னப்ப எனக்கு அடையாளம் தெரியல பாரு."

நிமிர்ந்து முனியாயி அக்காவைப் பார்த்தார். "ஜாடி வாங்கச் சொன்னதும் நான், அதைப் பாத்து உங்களைத் துரத்துனதும் நான். மன்னிச்சிருங்க முனியாயி. உங்க எடத்துக்கே வந்துருங்க."

முனியாயி அக்கா உடனே எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "வாளி வேணாம்னீங்க, விட்டேன். ஜாடி வாங்கச் சொன்னீங்க, வாங்குனேன். நாளைக்கு வேற பிள்ளை வந்து சிறுசா இருக்குன்னு கத்துனா, மறுபடியும் எந்திரிச்சு ஓடச் சொல்வீங்களா டீச்சர்?"

நியாயமான கேள்வி.

"தட்டு வைக்கலாம்" என்றாள் ஹரிணி. "ஜாடிக்குப் பக்கத்துல ஒரு தட்டுல நாலு காய எடுத்து வச்சு வலை மூடி போட்டுருங்க. வாங்குறவங்க நிஜ அளவைத் தட்டுல பாத்துட்டு, அப்பறம் காசு குடுக்கட்டும். சரக்கையும் காட்டியாச்சு, அளவையும் காட்டியாச்சு. அதுக்கு மேல யாரு கத்துனாலும் டீச்சர் பாத்துப்பாங்க."

"பாத்துக்குறேன்" என்றார் டீச்சர்.

முனியாயி அக்கா எழுந்தார். வசந்த் முக்காலியைத் தூக்கினான். இசைவாணி கரண்டியையும் தட்டையும் எடுத்துக்கொண்டாள். நெல்லிக்காய் ஜாடியை அக்காவே இடுப்பில் வைத்துக்கொண்டார். ஊர்வலம் சாலையைக் கடந்தது. ஒரு டவுன் பஸ் நின்று வழி விட்டது.

புங்கமரத்தடியில் முக்காலியைப் போட்டு, ஜாடியை வைத்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். தோள் இரண்டும் இறங்கின. மூன்று நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

டீச்சர்தான் முதல் கிராக்கி. தட்டைப் பார்த்தார், தலையாட்டினார், ஜாடிக்கு முன்னால் குனிந்தார். "அந்தா, பின்னாடி இருக்கே, அந்தப் பெருசு" என்றார்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

முதல் மணி அடித்தது. கூட்டம் உள்ளே ஓடியது. ஹரிணி மட்டும் நின்றாள். தண்ணீர் ஜாடியை மார்போடு அணைத்திருந்தாள்.

"அக்கா, கோவம் போயிருச்சா?"

"போச்சு, போச்சு. போ, மணி அடிச்சிருச்சு."

ஹரிணி தயங்கித் தயங்கி ஜாடியைப் பார்த்தாள். "அப்ப... ஒரு காய்?"

முனியாயி அக்கா கையை நீட்டினார். "ரெண்டு ரூவா. மன்னிப்பு வேற, யாவாரம் வேற."

இதை விட நல்ல வார்த்தையை ஹரிணி அந்த மூன்று நாளில் கேட்கவில்லை. பழைய முனியாயி அக்கா திரும்பி வந்துவிட்டார். அவள் பையில் தேடி நாணயத்தை எடுத்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, பேரம் பேசாமல் கொடுத்தாள்.

காய் கைக்கு வந்தது. சின்னதுதான். அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, ஒரு கன்னம் மட்டும் உப்பலாக, ஹரிணி வகுப்புக்கு ஓடினாள்.